மாற்று இணையத்துக்கு எந்த சிம் திட்டம்? தருமபுரி, கிருஷ்ணகிரி ஃபிரான்சைஸ் உணவகங்களுக்கான ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோரம் ஃபிரான்சைஸ் உணவகம் நடத்துபவருக்கு, ஜேசிபி தோண்டும்போது ஃபைபர் அறுந்தால், தலைமை அலுவலக சர்வரோடு இணைந்த பில்லிங்கும் சுவிக்கி, சொமேட்டோ ஆர்டர்களும் ஒருசேர நின்றுபோகும். வாடிக்கையாளர் தம் கைபேசியின் டேட்டாவில் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் செலுத்திவிடுவார் என்றாலும், ஆர்டரே வராத கடையில் அதனால் பயன் குறைவு. ஆகவே ஃபைபர் அறுந்தால் மாற்று இணைப்பாகக் கைகொடுக்க ரவுட்டரில் ஒரு சிம் தேவை என்பதில் ஐயமில்லை. எந்தத் திட்டம் என்பதே கேள்வி.

பலரும் முதலில் வாங்குவது நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ப்ரீபெய்ட் திட்டத்தைத்தான். மாற்று இணைப்புக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இணையம் நன்றாக இருக்கும் நாள்களின் 2 ஜிபி நள்ளிரவோடு வீணாகிறது. அறுந்த நாளிலோ, சிசிடிவி கேமராவும் சேர்ந்து ஓடினால், அந்த 2 ஜிபி போதாமல் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கூடுதல் கட்டணம் வராது என்பது மட்டுமே அதன் நன்மை.

போஸ்ட்பெய்டில் வேகம் குறையாது, ஆனால் வரம்பு தாண்டியதும் மீட்டர் ஓடத் தொடங்கும். ஓர் எம்பிக்கு 2 பைசா என்று வைத்துக்கொண்டால் ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ 20 ரூபாய். கேட்கச் சிறிய தொகைதான். பில்லும் ஆர்டரும் மட்டும் ஓடினால் நாள் முழுவதும் மிகக் குறைந்த டேட்டாவே செலவாகும். ஆனால் தலைமை அலுவலகம் பார்ப்பதற்காக நான்கு சிசிடிவி கேமராக்கள் தலா 1 எம்பிபிஎஸ் வேகத்தில் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்கு 43 ஜிபி போகும். ஃபைபர் அறுந்ததே தெரியாமல் ரவுட்டர் பத்து நாள் சிம்மிலேயே ஓடினால், அதற்கு மட்டும் கட்டணம் 8,500 ரூபாயைத் தாண்டும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். அந்தப் பில்லைக் கட்டப்போவது பெரும்பாலும் உரிமம் எடுத்தவரே, பிராண்டு அல்ல. எனவே போஸ்ட்பெய்ட் எடுப்பவர், சிம்முக்கு மாறும்போது கேமராவையும் வாடிக்கையாளர் வைஃபையையும் ரவுட்டரிலேயே தடுத்து, மாதாந்திர டேட்டா வரம்பையும் அதிலேயே பதிந்துவைப்பது கட்டாயம்.

தினசரி வரம்பில்லாமல் மொத்தமாகச் சில பத்து ஜிபி தரும் ப்ரீபெய்ட் திட்டமே ஒற்றைக் கடைக்கு ஏற்றது. அறுந்த நாளில் வேண்டிய அளவு செலவழிக்கலாம், தீர்ந்தால் டேட்டா ரீசார்ஜ் போட்டுக்கொள்ளலாம், எதிர்பாராத பில் வராது. தொப்பூரில் ஒன்று, காவேரிப்பட்டணத்தில் ஒன்று என இரண்டு மூன்று கடைகள் வைத்திருப்பவருக்கு மட்டும், சிம்களுக்கிடையே டேட்டாவைப் பகிரும் போஸ்ட்பெய்ட் கைகொடுக்கும்.

கடைக்குக் கம்பி இழுக்காமல் டவர் அலைவழியே வரும் ஏர்ஃபைபர் இணைப்பில் மாதம் 1,000 ஜிபி வரை கிடைப்பதுண்டு. வரம்பு தாண்டினால் வேகம் குறையும், கட்டணம் ஏறாது. ஆனால் எப்போதாவது தேவைப்படும் ஒன்றுக்கு மாதாமாதம் இன்னொரு முழு வாடகை கட்டுவது, கேமராவும் நிற்கக் கூடாத பெரிய கடைக்கே கட்டுப்படியாகும்.

எதை எடுத்தாலும் ஃபைபர் தரும் நிறுவனத்தின் சிம்மையே வாங்காதீர்கள். அதன் டவருக்குப் போகும் கம்பியும் அதே பள்ளத்தில் இருக்கலாம். ப்ரீபெய்ட் சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிட்டால் எண்ணே துண்டிக்கப்படலாம் என்பதால், மாதம் ஒருமுறை ஃபைபரைக் கழற்றி, சிம்மில் ஒரு பில் போட்டுப் பாருங்கள்.