எஸ்.பி. ரோடு பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7: இன்னும் உழைக்குமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் வாங்கி, கடையில் பில் போட மட்டும் வைத்துக்கொள்பவருக்கு விண்டோஸ் 7 இன்றும் பழுதில்லை. நெட் பேங்கிங்குக்கு வேண்டவே வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது. குரோமும் 109-ஆம் பதிப்போடு சரி.

வேகம் கூட்ட, கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ். அங்கே 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்ததும் தமிழ் எழுத்தெல்லாம் ரம்பப் பல்லாகத் தெரியும். 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' ஒன்றை மட்டும் திரும்ப டிக் செய்தால் சரியாகிவிடும். விண்டோஸ் 7-இன் 'ஏரோ' தோற்றத்தின் கண்ணாடிப் பளபளப்பு போய்விடும்தான். 2 ஜிபிக்கு அது தண்டச் செலவு.

அடிக்கடி திறப்பவற்றை டாஸ்க்பாரில் 'பின்' (pin) செய்து நிலையாக வைத்துவிட்டால், விண்டோஸ் கீயோடு 1, 2, 3 அழுத்தினாலே வரிசைப்படி திறக்கும். மவுஸ் தேய்ந்துபோன கல்லா மேஜைக்கு வரப்பிரசாதம்.

"ரேம் 8 ஜிபி ஆக்கித் தர்றேன் சார்" என்று கடைக்காரர் சொன்னால், முதலில் அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' பாருங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது பென்டிரைவை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகாதீர்கள். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் விண்டோஸ் 7-இன் ஒரிஜினல் செட்டப்பில் இல்லை; பாதியில் டிரைவர் கேட்டு நின்றுவிடும்.