யூரெய்ல் பாஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஐரோப்பாவின் 33 நாடுகளில் ரயிலில் சுற்ற ஒரே பாஸ் என்றுதான் யூரெய்லை விற்கிறார்கள். அதை நம்பி பாரிஸ், பார்சிலோனா, ரோம் என்று பட்டியல் போட்டால் கையைக் கடிக்கும். சில வருடங்களாகக் குடும்பத்தோடு இதைப் பயன்படுத்துகிறேன். பாஸ் எங்கும் செல்லும், ஆனால் எல்லா இடத்திலும் லாபம் தராது.

எல்லாம் முன்பதிவு படுத்தும் பாடு. பிரான்சின் டிஜிவி, ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்கள் இவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டாரில் அது சுமார் 30 யூரோ. பணம்கூடப் பரவாயில்லை. பிரான்சில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் கோடையில் சீக்கிரமே தீர்ந்துவிடும். நினைத்த வண்டியில் ஏறத்தானே பாஸ் வாங்குகிறோம்?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் உள்ளூர் வண்டிகளில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. காலையில் மழையா? சரி, அடுத்த வண்டியில் போகலாம். அதிலும் சுவிஸ் டிக்கெட் விலை தலையைச் சுற்ற வைக்கும். பாஸுக்குக் கொடுத்த காசு அங்கேதான் வசூலாகும். ஆனால் யுங்ஃபிராவ் சிகரத்து ரயிலுக்குத் தள்ளுபடி மட்டும்தான், இலவசம் இல்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குப் போகும் பாதை. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா வண்டிக்கு முன்பதிவு கட்டாயம். அதே தண்டவாளத்தில் ஊர்க்காரர்கள் போகும் சாதாரண வண்டியும் ஓடுகிறது. வழியில் மாறி ஏற வேண்டும், அவ்வளவுதான், பாஸே போதும். சில பெட்டிகளில் ஜன்னலையும் திறக்கலாம். மலை ரயில்களை ஏற்ற உதவும் பல்சக்கரம் இல்லாமலே 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, வெள்ளை ஏரியின் ஓரமாகப் போய், சுமார் 430 மீட்டர் உயரத்தில் இருக்கும் திரானோவில் இறங்குகிறது. வழியில் புருசியோ என்ற ஊரில் பாலம் வட்டமாகச் சுற்றி இறங்கும். தலையை நீட்டினால் நம் வண்டியின் முன்பெட்டி வளைந்து பாலத்துக்கு அடியில் நுழைவது தெரியும். பிள்ளைகள் போனைக் கீழே வைத்த இடம் இது ஒன்றுதான்.

பாஸ் இப்போது போனிலேயே வருகிறது. பயண நாளை, அதாவது பாஸில் ரயில் ஏறும் ஒரு நாளை, தொடங்கி, ஏறப்போகும் வண்டியைச் சேர்த்த பிறகுதான் பரிசோதகருக்குக் காட்ட வேண்டிய க்யூஆர் குறியீடு வரும். ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பவர்பேங்க் கட்டாயம். இரவு ரயிலில் ஏறும் நாள் மட்டும்தான் பயண நாளாகக் கணக்கு. காலையில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் இன்னொரு நாள் போய்விடும். படுக்கைக்குத் தனிக் காசு.

நாங்கள் வழக்கமாக எடுப்பது ஒரு மாதத்தில் ஏழு பயண நாட்கள் தரும் பாஸ். அதை நீளமான, விலை அதிகமான தூரங்களுக்கு மட்டும் செலவிடுவோம். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம்தான், டிக்கெட்டும் மலிவு. அதற்கெல்லாம் ஒரு நாளைக் கொடுப்பது வீண். செக் குடியரசு, ஹங்கேரிக்குள்ளும் அப்படித்தான்.

குடும்பத்துக்கு நல்ல செய்தி: 4 முதல் 11 வயது வரை இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. 28 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் தள்ளுபடி உண்டு.

விசாதான் உண்மையான பூட்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது அது; அதை அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதனால் ரத்து செய்யக்கூடிய ஓட்டல்களைப் பதிவு செய்து, விசா கைக்கு வந்த பிறகே பாஸ் வாங்குகிறோம். பிரிட்டன் பாஸில் இருக்கிறது, ஆனால் விசா வேறு. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வகுப்பும் எடுத்துப் பார்த்தாயிற்று. பெட்டி வைக்க இடம் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்கு சுவிட்சர்லாந்தில் ஒருநாள் ஓட்டல் சாப்பாடு கிடைக்கும். இரண்டாம் வகுப்பே போதும்.