பெஞ்சில் சுத்தும், வண்டியில் சுத்தாது: அம்பாசடர் ஸ்டார்ட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துடாதீங்க

ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் போச்சு. அதோட, 1984 மாடல் மார்க் 4 அம்பாசடரில் இத்தனை வருஷமா இருந்த ஒரிஜினல் ஸ்டார்ட்டர் மோட்டாரும் போச்சு. பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வாங்கின மாத்து மோட்டார் வண்டியில் இன்ஜினைச் சுத்தவே மாட்டேங்குது. அதை வித்தது பழைய கார் பாகங்களுக்குன்னே இருக்கிற ஒரு ஆன்லைன் சந்தை. புகார் இன்னும் நடக்குது, அதனால பேர் போடலை. "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது"ன்னு நேத்து ராத்திரி மெசேஜ் வருது. யார் முடிச்சாங்க, எதை முடிச்சாங்க?

கோளாறு என்னவோ சின்னதுதான். ஸ்டார்ட் கொடுத்தா சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடற சுவிட்ச்) 'டக்'குனு அடிக்கும், மோட்டார் சில நேரம் சுத்தும், சில நேரம் கம்முனு இருக்கும். சுத்தியல் கைப்பிடியால ரெண்டு தட்டு தட்டினா சுத்திடும். தட்டினா சுத்துதுன்னா பெரும்பாலும் பிரஷ் (சுத்துற பாகத்தை உரசி அதுக்குக் கரண்ட் கொடுக்கிற துண்டு) தேஞ்சிருக்குன்னு அர்த்தம். இந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினோட மோட்டார் பழைய லூகாஸ் டிசைன். நாலு பிரஷ், சோலினாய்டு தனியா வேற இடத்தில் இருக்கும், பினியன், அதாவது மோட்டார் முனையில் இருக்கிற சின்னப் பல்சக்கரம், தன் வேகத்திலேயே மரையில் ஓடிப்போய் இன்ஜினோட பெரிய பல்சக்கரமான ஃப்ளைவீல் ரிங் கியரைக் கவ்வும். பிரஷ் நீளம் 8 மில்லிமீட்டருக்குக் கீழே போனா மாத்தணும், சால்டரிங் அயர்ன் கொஞ்சம் பெருசா இருக்கணும், அவ்வளவுதான். சில நூறு ரூபாயோட முடிஞ்சிருக்க வேண்டிய வேலை. அதை விட்டுட்டு முழு மோட்டார் வாங்கினதுதான் முதல் தப்பு.

ஏன் நம்பினேன்னு சொல்றேன், ஏன்னா நீங்களும் நம்புவீங்க. விளம்பரத்தில், பழைய மோட்டாரை அனுப்பினா 7,800, அனுப்பலைன்னா 10,300ன்னு போட்டிருந்தது. போன் போட்டதும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி: "சார், பினியன்ல ஒன்பது பல்லா, பத்து பல்லா? கழட்டி எண்ணிட்டுச் சொல்லுங்க, தப்பா அனுப்பினா ரிங் கியரைத் தின்னுடும்." சும்மா பொருளைத் தள்ளிவிடுறவன் இதைக் கேட்க மாட்டான்னு தோணும் இல்லையா? அங்கேயே விழுந்தாச்சு. அரை மணி நேரத்தில் வீடியோ வந்தது. வைஸில் பிடிச்ச மோட்டார், ஜம்ப்பர் கேபிள் வச்சதும் 'வீர்'னு சுத்துது, பளபளன்னு கறுப்பு பெயின்ட். "புஷ், பிரஷ் எல்லாம் புதுசு சார், ஆறு மாசம் கேரண்டி. கண்ணை மூடிட்டுப் போடுங்க." கண்ணை மூடிட்டுத்தான் பணத்தையும் போட்டேன்.

அந்த வீடியோ ஒண்ணையுமே நிரூபிக்காது. லோடு இல்லாம சுத்தும்போது இந்த வகை மோட்டார் சுமார் 45 ஆம்பியர்தான் இழுக்கும். செத்துக்கிட்டிருக்கிற மோட்டார்கூட அதில் ஜோரா சுத்தும். இன்ஜினைத் திருப்பும்போது சில நூறு ஆம்பியர் ஓடும், பினியன் பக்கம் ஆர்மெச்சர் (உள்ளே சுத்துற பாகம்) ஷாஃப்ட்டை ரிங் கியர் பக்கவாட்டில் தள்ளும். புஷ் (ஷாஃப்ட் உட்கார்ந்து சுத்துற வளையம்) தேஞ்சிருக்கா, கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசுற செம்பு உருளை) சரியான்னு அப்பதான் தெரியும்.

மாட்டினதில் தப்பில்லைன்னு சொல்றதுக்காக இதையும் எழுதறேன். பேட்டரி எர்த் கேபிளைத்தான் முதல்ல கழட்டணும். மோட்டார் டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் ஃபில்டர் இருக்கிற பக்கம், ரெண்டே போல்ட். ரெண்டும் இன்ச் அளவு, 9/16 ரிங் ஸ்பேனர் வேணும். 14 நம்பர் ஏறாது, 15 நம்பர் வழுக்கித் தலையை உருட்டிடும். கேபிள் நட்டைத் திருப்பும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடிச்சுக்கணும், இல்லன்னா ஸ்டட் சேர்ந்து சுத்தி உள்ளே ஃபீல்டு காயில் (காந்தத்துக்கான கம்பிச் சுருள்) ஜாயின்ட் விட்டுடும். மேல் போல்ட்டைக் கழட்டிட்டு, கீழ் போல்ட்டை எடுக்கும்போது ஒரு கை மோட்டாருக்கு அடியில் இருக்கணும். திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி ஃபிளேஞ்ச் (போல்ட் ஏறுற மோட்டார் விளிம்பு) உட்கார்ற இடத்தை எமரி தாளால் சுத்தம் பண்ணணும், எர்த் அது வழியாத்தான் போகுது. புது மோட்டாரில் ஃபிளேஞ்ச் மேலயும் பெயின்ட் அடிச்சிருந்தாங்க, அதையும் சுரண்டி எடுத்தேன். இந்தச் சுரண்டலை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

ஸ்டார்ட் கொடுத்தா முனகுது. இன்ஜின் அரைச் சுத்து வந்து நின்னுடுது, கேபிள் சுடுது. மீட்டர் வச்சுப் பார்த்தா பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், சுத்தும்போது 8.4. பேட்டரி முனையிலிருந்து மோட்டார் முனை வரைக்கும் இழப்பு 0.3, இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி எர்த் வரைக்கும் 0.1. ரெண்டும் அரை வோல்ட்டுக்கு உள்ளதான். அதே பேட்டரியில் பழைய மோட்டார், சுத்துற நேரத்தில், நல்லாவே சுத்திட்டிருந்தது. அப்போ கரண்ட்டை முழுங்கறது இந்த மோட்டார்தான்.

போன் பண்ணினா, "பேட்டரி வீக் சார்." அளவையெல்லாம் போட்டோவோட அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு, "எர்த் பாருங்க சார்." அந்த அளவு அதே போட்டோவில் இருக்கு. அப்புறம் சந்தையோட உதவி மையம்: வீட்டில் மாட்டினா கேரண்டி கிடையாதாம், ஆத்தரைஸ்டு சென்டர் பில் வேணுமாம். உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014லயே நின்னாச்சு, எந்த சென்டரைச் சொல்றாங்க? எட்டாம் நாள், "ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்தது." கடைசியா, ஃபிளேஞ்சில் பெயின்ட் உரிஞ்சிருக்கிறதால "பயன்படுத்தப்பட்ட பொருள்." எர்த் பாருங்கன்னு சொன்னதும் அவங்கதான், எர்த்துக்காகச் சுரண்டினது குத்தம்னு சொன்னதும் அவங்கதான். 7,800 ரூபாய்க்கு இதுதான் மரியாதை. சரி, என் மோட்டாரையாவது திருப்பிக் கொடுங்கன்னு கேட்டா, "அது ஸ்கிராப்ல போயிருக்கும் சார்."

இனி இழக்க என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தேன். ஆர்மெச்சர் இரும்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி தேய்ச்ச பட்டை, அதைச் சுத்தி இருக்கிற போல் ஷூவிலும் (காயிலைத் தாங்கற இரும்புத் துண்டு) அதே தடம். பினியன் பக்கத்து புஷ் முட்டை வடிவத்துக்குத் தேஞ்சிருக்கு, அதனால ஷாஃப்ட் சாய்ஞ்சு ரெண்டும் உரசியிருக்கு. "புது புஷ்" என்பது வெளியே தெரியற பின்பக்க மூடியில் மட்டும், அதுவும் காஞ்சு கிடக்கு. இந்த வெண்கல புஷ்ஷை எஸ்ஏஇ 30 ஆயிலில் ஒரு நாள் ஊறவச்சுத்தான் அடிக்கணும். கம்யூட்டேட்டரில் செம்புத் துண்டுகளுக்கு நடுவில் இருக்கிற மைக்காவை ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பள்ளம் பண்ணியிருக்காங்க. பள்ளம் டைனமோவுக்குத்தான். ஸ்டார்ட்டர் பிரஷ்ஷில் செம்பு அதிகம், அந்தத் தூள் பள்ளத்தில் அடைஞ்சா பக்கத்துத் துண்டோட ஷார்ட் ஆகும். பினியன் மரையில் கிரீஸை அப்பியிருக்காங்க. கிளட்ச் தூசி ஒட்டி பினியன் மாட்டிக்கிறதுக்கு அது ஒண்ணே போதும். அங்கே மண்ணெண்ணெயில் கழுவிட்டு அப்படியே விடணும். பினியனில் பல் மட்டும் சரியா ஒன்பது இருக்கு!

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பழைய மோட்டாரை யாருக்கும் அனுப்பாதீங்க, புதுசு வண்டியில் ஒரு வாரம் ஓடின பிறகு யோசிங்க. பெஞ்ச் வீடியோவைப் பார்த்துப் பணம் போடாதீங்க, ஆர்மெச்சரை வெளியே எடுத்து போட்டோ கேளுங்க. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பாகங்கள் விக்கிற இடத்தில் நேரில் வாங்கினா ஷாஃப்ட்டைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆடினா வேண்டாம். பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. ஏமாந்துட்டீங்கன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு உடனே போன் போடுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி சந்தையோட குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்தில் முடிக்கணும். எனக்கு 48 மணி நேரத்தில் வந்தது, "சேவையை மதிப்பிடுங்கள்"னு அஞ்சு நட்சத்திரம் மட்டும்.

புது ஆர்மெச்சரும் புஷ்ஷும் தேடிட்டிருக்கேன். 7,800க்கு மேல இன்னும் செலவு. அதுவரைக்கும் வண்டி தெரு முனைச் சரிவில், மூக்கு கீழ்ப்பக்கம் பார்த்து நிக்குது. ஹேண்ட்பிரேக்கை விட்டு, ரெண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டா ஸ்டார்ட் ஆயிடும்.