60 டாலர் போச்சு: ஐடென்டிட்டி வி கணக்கு வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எரிச்சலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு முன் கொடுத்த 60 டாலர் நேற்று இரவோடு போச்சு.

ஐடென்டிட்டி வி, ஒரு வேட்டைக்காரன் நான்கு பேரைத் துரத்தும் ஆன்லைன் கேம். 2018-ல் அது வந்ததிலிருந்து ஆடுகிறேன், தப்பி ஓடுகிறவர்களில் ஒருத்தியான டாக்டர் எமிலியாகத்தான் பெரும்பாலும். எத்தனை எசன்ஸ் (உள்ளே என்ன விழும் என்று தெரியாத பரிசுப் பெட்டி) திறந்தாலும் அவளுக்கு ஒரு எஸ் ரக உடை, அதாவது கிடைப்பதற்கு அரிதான உடை, விழவில்லை. கணக்கு விற்கும் அரட்டைக் குழு ஒன்றில் அந்த உடையோடு ஒரு கணக்கு 60 டாலருக்கு வந்தது. உடனே நான் பணம் அனுப்பவில்லை, சந்தேகம் இருந்தது. "சரி நண்பா, முதலில் ஒரு ஆட்டம் போடுவோம், அப்புறம் முடிவு பண்ணு" என்றார் விற்பவர்.

தனி அறை திறந்தார். அவர் வேட்டைக்காரன் ஜாக். தப்பி ஓட வேண்டியவர்கள் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் நானும். பிடிபட்டவர்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் ராக்கெட் நாற்காலியில் மூவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். அடித்து வீழ்த்தி, பலூனில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலிக்குத்தான் என்று நினைத்தேன். கடைசியாக மிஞ்சும் ஒருவர் தப்பிப்பதற்கென்று இருக்கும் பாதாள வாசலுக்கு நேராகப் போய் அதன் பக்கத்திலேயே இறக்கிவிட்டார். ஊர்ந்து உள்ளே விழுந்து தப்பித்தேன். இப்படி விட்டுக்கொடுக்கிறவர் ஏமாற்றுவாரா என்று தோன்றியது பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். அடுத்த ஐந்தாவது நிமிடம் 60 டாலர் அனுப்பிவிட்டேன். ஆட்டத்தில் வேட்டைக்காரன் நெருங்கினால் இதயம் துடிக்கும் சத்தமாவது கேட்கும், இங்கே அதுவும் இல்லை.

கடவுச்சொல் வந்தது, உள்ளே போனேன், எமிலி அந்த உடையில் நின்றாள். கணக்கோடு இணைந்த மின்னஞ்சலை மட்டும் "மூன்று நாளில் மாற்றித் தருகிறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். நேற்று இரவு ஆட்டத்தின் நடுவே, தப்பிக்கும் கதவைத் திறக்க முடிக்க வேண்டிய சைஃபர் இயந்திரங்களில் நான்காவதில் இருந்தபோது, வெளியே தள்ளியது. மறுபடி நுழைந்தால் கடவுச்சொல் தவறு.

விற்றவரிடம், "அண்ணா, கணக்கு திறக்கவில்லை" என்றேன். "சர்வர் பராமரிப்பு." ஒரு மணி நேரம் கழித்து, "நீ தப்பாக அடிக்கிறாய்." அப்புறம், "என் தம்பி கை வைத்திருப்பான், பார்க்கிறேன்." கடைசியில் பிளாக். குழு நிர்வாகியிடம் போனால், "நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம், பேரம் உங்கள் பொறுப்பு" என்கிறார். கேம் உதவி மையத்தில் கேட்கவும் வாய் இல்லை, கணக்கு கைமாற்றுவதே அவர்கள் விதிப்படி தப்பு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கணக்கு வாங்காதீர்கள். மலிவாக எக்கோஸ் (காசு கொடுத்து வாங்கும் கேம் பணம்) ஏற்றித் தருகிறேன் என்று கடவுச்சொல் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறதோ கணக்கு அவருடையது, அவ்வளவுதான்.

இன்று காலை நண்பன் ஒருவன் அதே குழுவிலிருந்து படம் அனுப்பினான். அதே எமிலி, அதே உடை. விலை 55 டாலர்.