பேப்பர் கப்பின் உள்பூச்சு: பிஎல்ஏ, பிபிஎஸ், பிஎச்ஏ மூன்றில் நம் எல்லைப் பகுதிக்கு எது?

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் பேப்பர் கப் தொழில் செய்பவர்களை இரண்டு மாநிலச் சட்டங்களும் ஒருசேர நெருக்குகின்றன. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றமும் 2023-இல் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. கேரளம் 2020 ஜனவரி 1 முதல் அதே வழிக்கு வந்தது. வம்பெல்லாம் காகிதத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாலித்தீன் ஏட்டால்தான். அந்த ஏடு இல்லாவிட்டால் டீ நிற்காது. இருந்தால் கப் மக்காது.

இந்த இடத்தை நிரப்பத்தான் மக்கும் பாலியெஸ்டர் பிசின்கள் வந்திருக்கின்றன. "மக்கும் பூச்சு" என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கோ வேறு வேறு. நம் ஊர்ச் சிறு பட்டறைகள் பூச்சைத் தாமே பூசுவதில்லை. பூசிய காகிதச் சுருளைத்தான் வாங்குகின்றன. எனவே சுருளில் என்ன பிசின் இருக்கிறது என்று கேட்டு வாங்கும் பொறுப்பு வாங்குபவருடையது. அந்தக் கப் கடைசியில் எங்கே போய் விழும் என்பதை வைத்தே நான் தேர்வு செய்வேன். அந்தக் கணக்கில் பார்த்தால் இங்கே பிஎல்ஏவைவிட பிபிஎஸ் மேல்.

பிஎல்ஏ என்கிற பாலிலாக்டிக் அமிலம்தான் இவற்றில் பிரபலமானது. மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் மாவுச்சத்தையோ சர்க்கரையையோ நொதிக்கவைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலை நிறுவனம் இதற்கென ஓர் ஆலையே கட்டத் தொடங்கியிருக்கிறது. உலகம் முழுவதும் சூடான பானங்களுக்கான கப்களில் பிஎல்ஏ பூச்சு ஓடுகிறது. டீ ஊற்றினால் உடனே கரைந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். உருவத்தைத் தாங்குவது காகிதம்தானே.

ஆனால் பிஎல்ஏ 55 முதல் 60 டிகிரிக்குள் இளகத் தொடங்கும் பொருள். ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு வெயிலை நினைத்துப் பாருங்கள். நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. தகரக் கொட்டகையிலோ மூடிய லாரியிலோ அடுக்கி வைத்த கப்கள் அந்த எல்லையை எட்டுவது எளிது. எட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னொரு குறை, அதன் விறைப்பு. வேறெதுவும் கலக்காத பிஎல்ஏ பத்து சதவீதம்கூட நீளாமல் முறிந்துவிடும். கப்பின் விளிம்பைச் சுருட்டும் இடத்தில்தான் அந்தக் குணம் முதலில் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் குப்பையில் இருக்கிறது. மக்கும் தன்மைக்கான இந்தியத் தரமான ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 சோதனை சுமார் 58 டிகிரியில் நடக்கிறது. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைந்தால் தேர்ச்சி. தொழில்முறை உரக்கூடத்தின் வெப்பநிலை அது. பிஎல்ஏ அங்கே அழகாக மக்குகிறது. தென்னந்தோப்பு ஓரத்திலோ சிற்றூர்ப்புழைக் கரையிலோ விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. கேரளத்தில் பல ஊராட்சிகள் வைத்திருக்கும் தும்பூர்முழி உரத்தொட்டிகளில் சாணமும் சருகும் சேர்ந்து தொடக்க நாட்களில் 60 டிகிரியைத் தாண்டும் சூடு பிறக்கிறது. பிறகு தணிந்துவிடுகிறது. பிஎல்ஏவுக்கு அந்தச் சூடு வாரக்கணக்கில் நின்றாக வேண்டும். வீடு வீடாக வந்து குப்பை பிரிக்கும் ஹரித கர்மசேனைப் பெண்களைக் கேட்டால் தெரியும்: பாலித்தீன் கப்பையும் பிஎல்ஏ கப்பையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. இரண்டும் ஒரே சாக்குக்குத்தான் போகின்றன.

பிபிஎஸ், அதாவது பாலிபியூட்டிலீன் சக்சினேட், குணத்தில் பாலித்தீனுக்கு நெருங்கிய உறவு. உருகுநிலை சுமார் 115 டிகிரி. அறை வெப்பத்தில் மென்மையாக இருக்கும். முறியாமல் பல மடங்கு நீளும். அதனால் விளிம்புச் சுருட்டலில் வெடிப்பதில்லை, கோடைக்கிடங்கில் ஒட்டுவதில்லை. பாலித்தீனுக்கு ஓடிய கப் மெஷினிலேயே சூட்டுக் காற்றைச் சற்றுக் கூட்டிக் குறைத்து ஓட்டலாம். தாய்லாந்தில் தயாராகும் பயோபிபிஎஸ் ரகங்கள் சிலவற்றுக்கு வீட்டு உரக்குழிச் சான்றே இருக்கிறது; 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டுக்குள் மக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் நிபந்தனை. நம் மண் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. பிபிஎஸ் பக்கம் நான் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அதற்கும் குறை உண்டு. பிபிஎஸ் செய்யச் சேர்க்கும் இரண்டு பொருட்களில் சக்சினிக் அமிலத்தைச் சர்க்கரையிலிருந்து எடுக்கலாம்; கூட்டாளியான பியூட்டேன்டையால் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. "முழுக்க முழுக்கத் தாவரப் பொருள்" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்தால் அது பொய்.

விலைக்கு வருவோம். கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பாலித்தீனின் அடர்த்தி 0.92, பிஎல்ஏ 1.24, பிபிஎஸ் 1.26. ஒரு சதுர மீட்டரில் 20 மைக்ரான் கனத்துக்குப் பூச பாலித்தீன் சுமார் 18 கிராம் போதும். இவை இரண்டும் 25 கிராம் கேட்கும். கிலோ விலை சமமாக இருந்தால்கூடச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இந்தப் பிசின்களோ கிலோ விலையிலும் பாலித்தீனைவிட அதிகம். யாராவது "அதே விலைக்கு மக்கும் கப்" தந்தால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் வந்தால் பரிசோதிக்க வழி இருக்கிறது. கப்பைக் கிழித்து வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். காகிதக் கூழை விரலால் உருட்டி எடுத்தால் ஏடு தனியாக வரும். நாரும் காற்றுக்குமிழியும் இல்லாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மேலே எழும்பினால் பாலித்தீன். அடியில் தங்கினால் பாலியெஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த பிறகு கசக்கிப் பாருங்கள்: பிஎல்ஏ ஏடு மிட்டாய்த் தாளைப் போலச் சரசரக்கும், பிபிஎஸ் பால்நிறத்தில் துவண்டு சத்தமில்லாமல் மடியும்.

மக்கும் பாலியெஸ்டர்களில் வேறு இரண்டு பெயர்களும் காதில் விழும். அவற்றில் பிபிஏடி மிக மென்மையானது. தனியாகப் பூசினால் பிசுபிசுக்கும் என்பதால் பெரும்பாலும் பிஎல்ஏவுடன் கலந்துதான் வருகிறது. பைகளுக்கு நல்லது. இன்னொன்றான பாலிகாப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகுவதால் டீக்கு ஆகாது. உரக் குருணைக்குப் பூசும் வேலைக்கு அது பொருத்தம்.

பிஎச்ஏ என் மனத்துக்குப் பிடித்தது. பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் கொழுப்புபோல் சேர்த்துவைக்கும் பாலியெஸ்டர் அது. 1926-இல் பிரெஞ்சு அறிவியலாளர் மோரிஸ் லெமுவான் கண்டறிந்தார். மண், ஆற்று நீர், கடல் என எங்கே விழுந்தாலும் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஆற்றோரம் நடக்கும் திருவிழாப் பந்தலுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு கிடையாது. ஆனால் இதன் அடிப்படை ரகமான பிஎச்பி சுமார் 175 டிகிரியில் உருகி, அதற்குச் சற்று மேலேயே சிதையத் தொடங்கிவிடுகிறது. உருக்கிப் பூசுபவருக்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவு குறுகலானது. விலையும் மூன்றிலும் உச்சம்.

உடல்நலம் பற்றிய ஒரு பேச்சை மட்டும் விற்பனையில் சேர்க்காதீர்கள். 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லி நீரை 15 நிமிடம் வைத்தால் பேப்பர் கப்பிலிருந்து சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதாக ஐஐடி காரக்பூர் ஆய்வு 2020-இல் காட்டியது. அதைக் காட்டி "எங்கள் கப்பில் துகளே வராது" என்று சொல்வது முறையல்ல. வெந்நீர் பாலியெஸ்டர் பிணைப்பையும் மெல்ல அறுக்கும். உட்கார்ந்து குடிக்கும் கடைக்குக் கண்ணாடி டம்ளரே போதும். பார்சலுக்கும் பந்தலுக்கும் மட்டும்தான் நான் இந்தக் கப்பைச் சொல்வேன்.

பிபிஎஸ் சுருள் வாங்குபவர்கள் பிசினின் பெயரைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று யார் பெயரில், எந்தப் பொருளுக்கு என்று பாருங்கள். பைக்கு வாங்கிய சான்றைக் கப்புக்குக் காட்டுவது செல்லாது. ஈரம் இந்தப் பிசின்கள் அனைத்துக்கும் பகை. ஆகவே ஜூன் மாதத்துக்குள் தீரும் அளவுக்கே கோடையில் சரக்கு எடுங்கள். மழையில் எடுப்பதானால் சுருளின் பாலித்தீன் உறையை மெஷினில் ஏற்றும் நாள்வரை பிரிக்காதீர்கள்.