கதவு கிழக்கே, பால்கனி மேற்கே: சென்னையில் ஃபிளாட் தேடிய நான்கு வாரம்

அம்மாவுக்காகச் சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்குவதற்காக இந்த முறை ஏப்ரல் நடுவில் ஊருக்குப் போனேன். நான்கு வாரம்தான் விடுமுறை. டொராண்டோவில் இருந்தபடியே ஒரு ஃபிளாட்டைப் பேசி முடித்து முன்பணமும் கட்டியிருந்தேன். போய்ப் பார்த்து, பத்திரம் பதிந்து, அம்மாவைக் குடிவைத்துவிட்டுத் திரும்பலாம் என்பது திட்டம். கடைசியில் அந்த ஃபிளாட்டை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கும்படி ஆனது. காரணம் 'ஃபேசிங்' என்கிற ஒரே சொல். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு தேடுகிறவர்கள் யாரும் என்னைப் போல ஏமாறக் கூடாது என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

டொராண்டோவில் காண்டோ (அங்கே ஃபிளாட்டுக்கு அதுதான் பேர்) விளம்பரத்தில் ஒரு திசை போட்டிருந்தால், அது ஜன்னலும் பால்கனியும் பார்க்கிற திசை. அங்கே எல்லாரும் தெற்கைத் தேடுவோம். டிசம்பர் நண்பகலில் கூடச் சூரியன் 25 டிகிரிக்கு மேல் ஏறாத ஊர் அது. தெற்கு ஜன்னல் இருந்தால் அந்தச் சாய்ந்த வெயில் கூடத்தின் கடைசி வரை வரும். பதினெட்டு வருடம் அப்படியே பழகிவிட்டேன். சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்திடம் பேசும்போது, "ஈஸ்ட் ஃபேசிங் மேடம், கடல் பக்கம்" என்றார்கள். காலை வெயில், கடல் காற்று, அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் வீடியோவில் காட்டினார்கள். சென்னையில் காலை பத்து மணி, எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பால்கனியில் நல்ல நிழல், குளுகுளுவென்று இருப்பதுபோல் தெரிந்தது. காலை பத்து மணிக்குக் கிழக்குப் பால்கனியில் எப்படி நிழல் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொல்லி ஒரு லட்சம் ரூபாய் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம், மாலை நான்கரை மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் தாண்டி, எட்டாவது மாடி. கதவைத் திறந்ததும் அடுப்பங்கரைக்குள் நுழைந்ததுபோல அனல் முகத்தில் அடித்தது. எதிரே பால்கனிக் கண்ணாடி முழுக்கச் சூரியன். தரையில் விழுந்த வெயில் கூடத்தைத் தாண்டிச் சாப்பாட்டு மேசை போடுகிற இடம் வரை வந்திருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டடி வைத்தவர், காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, கிழக்கு பார்த்த வீடுன்னு சொன்னியே?"

கூட வந்த விற்பனைப் பிரிவுப் பையன் பொறுமையாக விளக்கினான். சென்னையில் ஃபேசிங் என்றால் தலைவாசல் பார்க்கிற திசையாம். எங்கள் கதவு கிழக்கே பார்க்கிறது. அது திறப்பதோ விளக்குப் போட்ட ஒரு நடைபாதையில். அந்தக் கதவு வழியாக ஒரு நாளும் வெயிலோ கடல் காற்றோ வரப்போவதில்லை. ஜன்னல்கள் எல்லாம் எதிர்ப்பக்கம், அதாவது மேற்கே. வீடியோவில் நான் பார்த்தது மேற்குப் பால்கனியின் காலை நேரம்.

அன்று இரவு உட்கார்ந்து அந்த அடுக்குமாடியின் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நடுவில் வடக்கு தெற்காக ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் ஃபிளாட்டுகள். அப்படி அமைந்துவிட்டால் கிழக்கே கதவு வைத்த எல்லா வீடும் மேற்கு வரிசையில்தான் இருக்கும். மூலை வீடு தவிர மற்றவற்றுக்கு வேறு பக்கம் ஜன்னலே கிடையாது. வாஸ்துவுக்காகக் கிழக்கு வாசல் வேண்டும் என்று எல்லாரும் கேட்பதால் அந்த வரிசைக்குத்தான் விலையும் கூடுதல். அதிகப் பணம் கொடுத்து மாலை வெயிலை வாங்குகிறோம். இதை எந்த விற்பனை அலுவலகத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டபோது மறைக்கவும் இல்லை. கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்டேன். 25,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள், அதுவும் மூன்று முறை நேரில் போன பிறகு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. அந்த வரம்புக்குள் கொடுத்த பணமும் கைவிட்டுப் போகலாம் என்பதால், நேரில் பார்க்காமல் டோக்கன் கூட அனுப்பாதீர்கள். மாடல் ஃபிளாட்டைப் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். நான் பார்த்த மாடல் ஃபிளாட்டுகள் எல்லாவற்றிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, திரை மூடியிருந்தது, பார்வை நேரமும் காலை பதினொரு மணியாகவே இருந்தது.

அடுத்த கட்டமாக வீடு பரிசோதிக்கிற ஒரு சிவில் இன்ஜினியரை அமர்த்தினேன். ஒரு வீட்டுக்கு 6,000 ரூபாய். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த காசில் மிக நன்றாகச் செலவானது இதுதான். மனிதர் திசையைப் பார்க்கப் போனை எடுத்த உடனே லிஃப்ட் பக்கத்திலிருந்து எங்களை நகர்த்தினார். இரும்புக் கதவு, லிஃப்ட், கார் இவற்றின் அருகே போன் திசைகாட்டி தப்பாகக் காட்டுமாம். வெட்டவெளியில் நின்று பார்த்து, அதையும் நம்பாமல், செயற்கைக்கோள் வரைபடத்தில் கட்டடத்தின் விளிம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒத்துப்பார்த்தார். விளம்பரத் தாளில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும் என்று நினைக்காதீர்கள் என்றார். அம்புக்குறியைத் தேட வேண்டும், அல்லது மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு ஒப்புதல் பெற்ற வரைபடத்தையே பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 24 அன்று நண்பகலில் அவரோடு ஒரு கட்டடத்தின் வாசலில் நின்றிருந்தோம். "மேடம், அந்தக் கொடிக்கம்பத்தைப் பாருங்க" என்றார். பன்னிரண்டு மணி ஏழு நிமிடம். கம்பத்துக்கு நிழல் இல்லை. காவலர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியின் நிழல் அதன் கால்களுக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே உதித்து, வடக்குப் பக்கமாகவே ஏறி இறங்குகிறது. அப்படியானால் அக்னி நட்சத்திரம் முழுக்கத் தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது! டொராண்டோவில் வெயிலுக்காகத் தேடிய தெற்கை இங்கே நிழலுக்காகத் தேட வேண்டும் என்பது எனக்கு அந்தக் கம்பத்தடியில்தான் புரிந்தது.

தை, மாசியில் தெற்கே வெயில் வரும்தான். டிசம்பர் நண்பகலில் கூடச் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேடு இருந்தால் ஜன்னலின் மேல் இரண்டே முக்கால் அடிக்கு நிழல் விழும். மேற்கில் அந்தக் கணக்கு உதவாது. மே மாதம் மாலை நான்கரைக்குச் சூரியன் 27 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதே இரண்டடி சன்ஷேடு ஒரு அடிக்குத்தான் நிழல் தரும், மீதிக் கண்ணாடி முழுக்க வெயில். அதுவும் பகல் முழுக்கக் காற்று காய்ந்து முடிந்த நேரத்தில். இன்ஜினியர் தன்னிடம் இருந்த வெப்பமானியைச் சுவரில் பிடித்துக் காட்டினார். ஒரே வீட்டில் மேற்குப் படுக்கையறைச் சுவரின் உட்பக்கம் 38 டிகிரி, கிழக்கு அறையில் 33. இரவு எட்டரை மணிக்கு நான் மட்டும் திரும்பிப் போய் அந்த மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல வெதுவெதுப்பு. பகலில் குடித்த சூட்டைச் சுவர் இரவில் அறைக்குள் விடுகிறது. எழுபத்து நான்கு வயதில் அம்மா அந்தச் சுவரோரம்தான் தூங்க வேண்டும்.

வெயிலைவிடக் காற்று முக்கியம் என்பது அம்மாவின் கட்சி. நம் முன்னோர் திசைக்கொரு பேர் வைத்தார்கள்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. சென்னைக் கோடையில் உயிர் தருவது மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வரும் கடல் காற்று. மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் அது உள்ளே வரத் தாமதமாகும், ஊரே புழுங்கும். அந்தக் காற்றுக்குத் தெற்கிலோ கிழக்கிலோ ஒரு ஜன்னல் வேண்டும். வந்த காற்று வெளியேற எதிர்ப்பக்கம் இன்னொரு வழியும் வேண்டும். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள வீட்டில் காற்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும்.

மற்ற திசைகளையும் பார்த்தோம். வடக்குப் பால்கனியில் சீரான வெளிச்சம் இருக்கும், படிக்க நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வெயிலே எட்டாது. ஒரு வீட்டில் வடக்குச் சுவர் மூலையில் பூஞ்சை கறுத்திருந்தது. கிழக்கு இதமானது, ஒன்பது மணிக்கு மேல் சுள்ளென்று அடித்தாலும் மதியம் நிழலாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் மட்டும் சாரல் நேரே உள்ளே வரும். கடைசி மாடி வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தலைக்கு மேல் வெயில் நிற்கிற ஊரில் எல்லாச் சுவரையும்விட அதிகம் காய்வது மொட்டை மாடிதான்.

புரோக்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து பேரிடம் பேசினேன். நான்கு பேர் ஃபேசிங் என்றால் கதவையே சொன்னார்கள். ஐந்தாமவர் திருவான்மியூர்ப் பக்கத்துக்காரர், சைக்கிளில் வருபவர். "கதவை விடுங்கம்மா, துணி எந்தப் பக்கம் காயுதுன்னு கேளுங்க" என்றார். குடியிருப்பவர்களிடம் சொல்லி, நாங்கள் கேட்ட சாயங்கால நேரத்திலேயே வீட்டைத் திறந்துகாட்ட ஏற்பாடு செய்ததும் அவர்தான். ஒரு சதவீதக் கமிஷனை மனநிறைவோடு கொடுத்தேன்.

அவர் காட்டிய மூன்றாவது வீட்டைத்தான் வாங்கினோம். கொட்டிவாக்கத்தில், நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, பன்னிரண்டு வருடப் பழையது. இங்கே நடைபாதை கிழக்கு மேற்காகப் போகிறது. தெற்கு வரிசையில் உள்ள வீடு என்பதால் கதவு வடக்கே, பால்கனி தெற்கே. மூலை வீடு, படுக்கையறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல். மேற்கே சுவர் பக்கத்து வீட்டோடு சேர்ந்தது, வெயிலுக்கு இடமே இல்லை. வாஸ்து பார்க்கிற அம்மாவுக்கு வடக்கு வாசல் குபேர திசை. எனக்கு வேண்டியது தெற்குக் காற்று. இரண்டும் ஒரே வீட்டில் கிடைத்தன. கிழக்கு வாசலையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வடக்கு வாசலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

காற்று குறுக்கே போக மரக் கதவைத் திறந்து வைக்க வேண்டும், அதற்கு வெளியே கிரில் கேட் வேண்டும். சில சங்கங்கள் அதை அனுமதிப்பதில்லை, முன்பணத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கே காலி மனை இருந்தால் நாளை அங்கே என்ன எழும்பும் என்றும் யோசிக்க வேண்டும். எங்களுக்கு அங்கே தெருவே இருக்கிறது. நல்லவேளை.

மேற்கு வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். திரையை உள்ளே போடுவதைவிட மூங்கில் தட்டியைப் பால்கனிக்கு வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூட்டை எந்தத் திரையும் திருப்பி அனுப்பாது. படுக்கையைக் கிழக்கு அறைக்கு மாற்றிவிட்டு, பீரோவும் அலமாரியும் மேற்குச் சுவரோரம் போகட்டும்.

பத்திரப் பதிவு முடிந்து, நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா குடிவந்தார். தச்சர் வந்து துணிக்கொடி கட்ட எங்கே கொக்கி அடிப்பது என்று கேட்டார். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, கிழக்குப் பக்கம் காட்டினேன், காலை வெயிலில் காயுமே என்று. அம்மா குறுக்கே வந்தார்.

"மழைக்காலத்துல அங்க சாரல் அடிக்கும்னு நீதானே சொன்ன. மார்கழியில தெக்கப் பக்கம்தான் வெயில் வரும்னும் சொன்ன. கொடியை இந்தப் பால்கனியிலயே கட்டச் சொல்லு."

தச்சர் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பால்கனிக்குப் போனார்.