பழைய அலமாரிக்கு அடுக்குப் பூச்சு: சாக் பெயின்ட் பயன்படுத்திய அனுபவம்

பாட்டி வீட்டிலிருந்து வந்த மாமரத்து அலமாரியை விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த பிறகே, சுண்ணத்தூள் கலந்த வண்ணமான சாக் பெயின்ட் வாங்கினேன். 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் அறிமுகப்படுத்திய இந்த வகை வண்ணத்தை இன்று பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. நான் வாங்கியது உள்நாட்டுத் தயாரிப்பு; கருநீலத்தில் ஒரு டப்பா, சந்தன வெள்ளையில் ஒரு டப்பா, கூடவே நிறமற்ற மெழுகு.

எனாமலோடு ஒப்பிட்டால் இதன் குணம் முற்றிலும் வேறு. தண்ணீரில் கரைத்துப் பூசுவதால் டர்பன்டைன் நெடி இல்லை. சுண்ணத்தூள் மிகுதியாக இருப்பதால் பளபளப்பின்றி, வெள்ளையடித்த பழைய சுவரைப் போல மங்கலாகக் காய்கிறது. அந்த மங்கல்தான் பழமைத் தோற்றத்துக்கு அடிப்படை. உப்புத்தாளுக்கு எளிதில் இடங்கொடுப்பதும் அதனால்தான்.

முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நன்கு உலரவிட்டுக் கருநீலத்தை இரண்டு முறை பூசினேன். அது காய்ந்ததும் சாதாரண மெழுகுவத்தியை விளிம்புகளில் தேய்த்து, அதன்மேல் வெள்ளையைப் பூசினேன். மெழுகு பட்ட இடத்தில் மேல்பூச்சு ஒட்டாது; ஆகவே 220ஆம் எண் உப்புத்தாளை மெல்ல ஓட்டியவுடன் அங்கே மட்டும் வெள்ளை உதிர்ந்து நீலம் தெரிகிறது. எங்கே தேய்ப்பது என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. கதவைப் பிடித்து இழுக்கும் இடம், சாவித் துளையைச் சுற்றிய பகுதி, துடைப்பம் இடித்து இடித்துத் தேய்ந்திருக்கக்கூடிய கால்கள் என்று, ஒரு வீட்டில் ஐம்பது ஆண்டுகள் கைபட்டுக் கால்பட்டுத் தேய்ந்திருக்கும் இடங்களை நினைத்துப் பார்த்துத் தேய்த்தால் அலமாரிக்கு உண்மையான வயது வந்துவிடுகிறது. கதவின் நடுப்பலகையில் மனம்போனபடி தேய்த்தால் வெறும் கீறலாகத்தான் நிற்கும்.

குறை ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த முன்பூச்சும் தேவையில்லை என்று டப்பாவில் அச்சிட்டிருந்தார்கள். மாமரப் பலகைகளில் அது சரியாகவே இருந்தது. ஆனால், இழுப்பறைகளின் முகப்பு பலாமரம். புத்த பிக்குகளின் துவராடைக்குச் சாயம் தந்த அதே மஞ்சள், மறுநாள் காலையில் வெள்ளைப் பூச்சின் வழியே திட்டுத்திட்டாகக் கசிந்திருந்தது. மேலும் இரண்டு முறை பூசியும் மறையவில்லை. பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒருமுறை பூசி, அது காய்ந்தபின் மீண்டும் வெள்ளையடித்ததும் கசிவு நின்றது. பலாவோ மகோகனியோ கையில் இருப்பவர்கள் அரக்கிலிருந்தே தொடங்கினால் எனக்கு வீணான வண்ணம் அவர்களுக்கு மிஞ்சும்.

மெழுகைத் தவிர்க்க முடியாது. அதைப் பூசாவிட்டால் சுண்ணப் பூச்சு கை அழுக்கையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, அது இறுகச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். இறுகிய பின்னரும் சூட்டைத் தாங்காது என்பதால், கொதிக்கும் குழம்புச் சட்டியை இறக்கிவைக்கும் உணவு மேசைக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்கெனவே வண்ணம் பூசிய மரச்சாமான் என்றால் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடவே கூடாது.

விலை எனாமலைவிட அதிகம்தான். ஆனால் சிறிய அலமாரிக்கு ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. மாமரம், வேம்பு, பிளைவுட் போன்றவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். பர்மா தேக்கிலோ ஈட்டி மரத்திலோ செய்த பொருளாக இருந்தால், அதன் ரேகைகளை எந்த வண்ணத்தாலும் மூடாமல், நல்ல ஆசாரியிடம் கொடுத்து அரக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ளுங்கள்.